கடல் கடந்த பாட்டன் வீடு

பாட்டன் வீடு என்றதும் நம்மில் பலருக்கு ஒரு திண்ணையும், ஒரு கிணறும், கோடை விடுமுறையும் நினைவுக்கு வரும். பேருந்திலோ புகைவண்டியிலோ ஓர் இரவு பயணம் செய்தால் போதும். பொழுது விடியும்போது அந்த வீட்டு வாசலில் இறங்கிவிடலாம். ஆனால், எல்லாப் பிள்ளைகளுக்கும் பாட்டன் வீடு அவ்வளவு அருகில் அமைந்துவிடுவதில்லை. தமிழர்கள் பல தலைமுறைகளாகக் கடல் கடந்து சென்று வாழ்ந்து வருகின்றனர். அத்தகைய குடும்பங்களில் பாட்டன் ஒரு நாட்டிலும் பேரப்பிள்ளை வேறொரு நாட்டிலும் இருப்பது இன்று புதுமையன்று. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. எங்கள் குழந்தையை அழைத்துக்கொண்டு கடலுக்கு அப்பாலுள்ள பாட்டன் வீட்டுக்குச் சென்று வந்ததைப் பற்றியும், அப்பயணம் என்னை எண்ணச் செய்த சிலவற்றைப் பற்றியும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

என் கணவர் மலேசிய நாட்டைச் சேர்ந்த பினாங்கு மாநிலத்தில் பிறந்தவர். படிப்பின் பொருட்டுச் சென்னைக்கு வந்தவர், பிறகு இங்கேயே வேலையில் அமர்ந்துவிட்டார். அவருடைய பெற்றோர் பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த் என்னும் துறைமுக நகரில் வாழ்கின்றனர். 2024ஆம் ஆண்டில் எங்கள் மகளை முதன்முறையாக அவர்களிடம் அழைத்துச் சென்றோம். அவளுக்கு அப்போது நான்கு வயது.

புறப்படுவதற்கு முன் உறவினர் ஒருவர் என்னைக் கேட்டார்: “இந்த வயதில் குழந்தைக்கு என்ன நினைவிருக்கப் போகிறது? இவ்வளவு செலவு செய்து போகிறீர்களே, நான்கைந்து ஆண்டு கழித்துப் போகலாகாதா?” நியாயமான கேள்விதான். ஆனால், என் மாமனாருக்கு வயது 78 என்பதையும் சேர்த்து எண்ண வேண்டுமல்லவா? குழந்தை வளர்வதற்காக நாம் காத்திருக்கலாம். முதுமை யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆயினும், அந்தக் கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. அதற்கு என்ன விடை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,350 கிலோமீட்டர் தொலைவு. நாங்கள் கோலாலம்பூர் வழியாகச் சென்றோம். அங்குச் சேர ஏறத்தாழ நான்கு மணி நேரம். அங்கிருந்து பினாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம். சிறு குழந்தையோடு விமானம் ஏறுவோர் அந்த நான்கு மணி நேரத்தை எண்ணி அஞ்சுவார்கள். உண்மையில் கடினமானது கடைசி அரை மணி நேரந்தான். விமானம் கீழே இறங்க இறங்க, உள்ளே காற்றின் அழுத்தம் மிகுகிறது. நம் நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் ஒன்று உண்டு. அது திறந்து மூடினால்தான் செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் ஒத்திருக்கும். குழந்தைகளுக்கு அக்குழல் குறுகியது. பெரியவர்களுக்கு இருப்பதுபோல் நன்றாகச் சாய்ந்திராமல், ஏறக்குறையக் கிடையாக இருப்பது. அதனால்தான் விமானம் இறங்கும்போது குழந்தைகள் காதைப் பிடித்துக்கொண்டு அழுகின்றன. எதையேனும் விழுங்கினால் குழல் திறந்துகொள்ளும். ஆகவே, விமானம் தாழத் தொடங்கியதும் மகளுக்கு மிடறு மிடறாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தேன். “தாத்தா வீட்டுக்கு இன்னும் எத்தனை மிடறு?” என்று கேட்டபடி அவள் குடித்தாள். தொலைவை அளக்க அவள் கண்ட அளவுகோல் அது.

அங்குச் சென்றதும் காலக்கணக்கு மாறிவிடுகிறது. மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. மாணவர்களாகிய நீங்கள் இதைப் பற்றிச் சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். பினாங்கு சென்னைக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே, கதிரவன் அங்கே சுமார் 80 நிமிடம் முன்னதாக உச்சிக்கு வருகிறான். ஆனால் கடிகாரமோ 150 நிமிடம் முந்துகிறது. எஞ்சிய 70 நிமிடம் கதிரவன் தந்ததன்று. மனிதர் கடிகாரத்தை வைத்துக்கொண்ட முறையால் வந்தது. தீபகற்ப மலேசியா, கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்க வேண்டி, 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தது. அதனால் பினாங்கில் காலை ஏழு மணிக்கும் பெரும்பாலும் கதிரவன் உதித்திரான். கடிகாரத்தை அறியாத என் மகள் கதிரவனோடு எழுந்தாள். இரண்டே நாளில் அந்த ஊர்க் குழந்தையாகிவிட்டாள். தூக்கம் கெட்டுத் தவித்தவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தாம்.

தாத்தாவோடு பழகுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. இதுதான் எங்களுக்கு வியப்பாக இருந்தது. கைப்பேசியில் வாரந்தோறும் அவரைப் பார்த்துப் பேசியவள் அவள். அவர் முகம் தோன்றியதும் சிரிப்பாள். பாட்டுப் பாடிக் காட்டுவாள். ஆனால் விமான நிலைய வாயிலில் அவரே வந்து நின்றபோது, என் சேலைத் தலைப்பில் முகத்தை மறைத்துக்கொண்டாள். எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். கைப்பேசியிலிருந்த தாத்தா உள்ளங்கை அளவினர். வேண்டாதபோது அணைத்துவிடக் கூடியவர். இவரோ உயரமானவர், கைத்தடி ஊன்றியவர், உரத்த குரலுடையவர். முகத்தை அறிவது வேறு, மனிதரை அறிவது வேறு என்பதை அந்தச் சிறு பெண் எங்களுக்குக் காட்டினாள்.

“தாத்தாவிடம் போ” என்று நான் அவளை முன்னே தள்ளினேன். என் மாமனார் கையமர்த்தினார். “விட்டுவிடு அம்மா. அவளாக வரட்டும்” என்றார். அன்று முழுவதும் அவர் அவளை அழைக்கவில்லை. மறுநாள் காலையில் வாசற்படியில் அமர்ந்து, ஒரு தட்டு நிறைய மங்குஸ்தான் பழங்களை வைத்துக்கொண்டு, தமக்குத் தாமே பேசுவதுபோல் எண்ணத் தொடங்கினார். அந்தப் பழத்தின் அடியில் சிறு பூவைப் போன்ற அடையாளம் ஒன்று இருக்கும். அதில் எத்தனை இதழ்கள் உள்ளனவோ, பழத்தின் உள்ளே அத்தனை சுளைகள் இருக்கும். “ஆறு இதழ், ஆகவே ஆறு சுளை” என்று சொல்லி ஒன்றை உடைத்தார், ஆறு வெண்சுளைகள் இருந்தன. “இதில் ஐந்து” என்றார், ஐந்துதான் இருந்தன. மூன்றாவது பழத்தை அவர் எடுக்குமுன் என் மகள் அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு, “நான் எண்ணுகிறேன்” என்றாள். அன்று பகல் உணவு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

மொழியும் அவளுக்குப் புதிதாக இருந்தது. தமிழ்தான், ஆயினும் வேறு மணமுடைய தமிழ். காலையில் என் மாமியார் அவளைப் பார்த்து, “பசியாறிவிட்டாயா?” என்று கேட்டார். அங்குள்ள தமிழர் காலை உணவைப் ‘பசியாறுதல்’ என்கின்றனர். நம் நகரங்களில் ‘டிபன்’ என்று சொல்லிப் பழகிய குழந்தைக்கு அச்சொல் விளங்கவில்லை. இரண்டு நாள் கழிந்தபின், பொம்மைக்குச் சோறூட்டிக்கொண்டே, “பசியாறிவிட்டாயா?” என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தாள். இரப்பரை அவர்கள் ‘கித்தா’ என்பார்கள். அது மலாய்மொழியிலிருந்து வந்த சொல். கடையில் மலாய்மொழி, அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று மூன்று மொழிகளுக்கிடையே அவர்கள் இயல்பாக நடமாடுகின்றனர். என் கொழுந்தனாரின் மகன் அங்கே தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். ஏழு வயதுச் சிறுவன். எங்கள் மகள் தமிழ்நாட்டில் பிறந்தவள். அவனோ கடலுக்கு அப்பால் பிறந்தவன். இருவரும் விளையாடும்போது, வண்ணங்களின் பெயரை அவள் ஆங்கிலத்தில் சொல்ல, அவன் தமிழில் சொன்னான். அதைக் கேட்டு நான் மகிழ்வதா, நாணுவதா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தத் தமிழ் தானாக நிலைத்து நின்றதன்று. 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூல் என்னும் பள்ளியில் தமிழ் வகுப்பு ஒன்று தொடங்கப்பெற்றது. அதைத் தொடக்கமாகக் கொண்டு, 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழர் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினர். இன்று அந்நாட்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டங்களில் உழைத்த ஏழை மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற செல்வம் பெரும்பாலும் அதுதான்.

நான்காம் நாள் தீவிலுள்ள கொடிமலைக்குப் புறப்பட்டோம். 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மலை இரயில் ஒன்று, செங்குத்தான சரிவில் கம்பிவடத்தால் இழுக்கப்பட்டு மேலே செல்கிறது. அதைக் காண்பதில் என் மகளுக்கு ஆவல். நிலப்பகுதியிலிருந்து தீவுக்குச் செல்ல 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய பாலம் உண்டு. பாலத்தின் நடுவே செல்லும்போது, தெற்கே மரங்கள் அடர்ந்த சிறு தீவொன்று தென்பட்டது. என் மாமனார் அதைச் சுட்டிக்காட்டி, “அதுதான் ஜெரஜாக். என் தந்தை இந்த நாட்டில் முதன்முதல் கால் வைத்த இடம்” என்றார்.

அக்காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலில் வந்த தொழிலாளர்களை, நோய் பரவாமல் தடுக்கும் பொருட்டு அந்தத் தீவில் தடுத்து வைத்துச் சோதித்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பினர். மாமனாரின் தந்தை 1937ஆம் ஆண்டில், முசிறிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். மறு ஆண்டே, அதாவது 1938இல், தொழிலாளரை உதவிப்பணம் தந்து மலாயாவுக்கு அழைத்துச் செல்வதை இந்திய அரசாங்கம் தடை செய்துவிட்டது. 1941 டிசம்பரில் சப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1945 வரை கப்பல் போக்குவரத்தும் கடிதப் போக்குவரத்தும் அறுந்து கிடந்தன. சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் அமைத்த இருப்புப்பாதையில் வேலை செய்யப் பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் திரும்பாதவர் மிகப் பலர்.

இந்த வரலாற்றை நான் புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அதில் இல்லாத ஒன்றை அன்று மாமனார் சொன்னார். “எங்கள் தோட்டத்தில் கிழவர்களே கிடையாது, தெரியுமா?” என்றார். நான் வியந்து நோக்கினேன். அவர் விளக்கினார். தோட்ட வேலைக்கு ஆள் சேர்த்தவர்கள் உடல் வலிமை மிக்க இளைஞர்களையே தேர்ந்து அழைத்து வந்தனர். முதியோர் ஊரில் தங்கிவிட்டனர். ஆகவே, தோட்டத்து லயங்களில் பிறந்த முதல் தலைமுறைக் குழந்தைகளில் பலர் பாட்டன் பாட்டியையே கண்டதில்லை. கதை சொல்ல ஆளில்லை. தந்தை அடிக்க வரும்போது ஓடி ஒளிந்துகொள்ள ஒரு பாட்டியின் மடியில்லை. விடியுமுன்னே தாயும் தந்தையும் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். காலைக் குளிர்ச்சியில்தான் மரத்தில் பால் நன்றாக ஊறி வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அவர்கள் திரும்பும்வரை குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடப்பார்கள்.

“எனக்கு எட்டு வயது இருக்கும்” என்று அவர் தொடர்ந்தார். “ஒருநாள் ஊரிலிருந்து கடிதம் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. தலையை மழித்துக்கொண்டு தோட்டத்து ஆற்றில் தனியாகப் போய் முழுகினார். ‘யார் இறந்துவிட்டார்கள்?’ என்று கேட்டேன். ‘உன் அப்பாயி’ என்றார். ஊரில் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் அந்தக் கடிதம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு ஓர் அப்பாயி இருந்தாள் என்பதையே அன்றைக்குத்தான் அறிந்தேன்.”

வண்டியில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னிருக்கையில் என் மகள், தாத்தாவின் கைத்தடியைத் துடுப்பாகக் கொண்டு படகு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கடல் அந்நாளிலும் கடக்க முடியாததாக இருக்கவில்லை. 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட இராஜுலா என்னும் கப்பல், 1970களின் தொடக்கம் வரை சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். தட்டுப் பயணிகள் பாயும் மூட்டையுமாகக் கப்பலின் தளத்திலேயே படுத்து உறங்கிக் கடல் கடந்தனர். அதற்குப் பின் வந்த சிதம்பரம் என்னும் கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். அதனோடு அந்தக் கப்பல்வழியும் முடிவுற்றது. கப்பல் இருந்த காலத்திலும் அந்த முதல் தலைமுறைத் தொழிலாளருக்குக் கட்டணத்துக்குப் பொருள் இல்லை, விடுப்பும் இல்லை. அவர்களைப் பிரித்தது கடல் என்பதைவிட வறுமை என்பதே பொருந்தும். பொருள் தேடக் கடல் கடக்கலாம் என்று கொன்றைவேந்தன் நமக்கு இளமையிலேயே கற்பிக்கிறது. கடந்தவர்களின் தாயார் எத்தனை ஆண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தந்தக் குடும்பந்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இப்போது அந்த உறவினரின் கேள்விக்கு வருகிறேன். நான்கு வயதுக் குழந்தைக்கு என்ன நினைவிருக்கும்? மூன்று, மூன்றரை வயதுக்கு முந்திய நிகழ்ச்சிகள் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நினைவிலிருப்பதில்லை என்று உளநூலார் கூறுகின்றனர். அதற்கு அடுத்த வயதின் நினைவுகளும் துண்டுதுண்டாகவே தங்குகின்றன. ஆனால் அவர்கள் வேறொன்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள். நடந்தவற்றைப் பற்றிக் குழந்தையோடு விரிவாகப் பேசும் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள், இளமை நிகழ்ச்சிகளை நன்றாக நினைவுகூர்கின்றனர். நியூசிலாந்து நாட்டில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, அந்நாட்டின் மவோரி மக்களின் முதல் நினைவு, ஒப்பிட்டுப் பார்த்த பிற மக்களுடையதைவிட இளைய வயதுக்குரியது என்று காட்டியது. முன்னோர் கதையையும் குடும்பத்துச் செய்திகளையும் எடுத்துச் சொல்லும் வழக்கம் அம்மக்களிடையே வலுவாக இருப்பதே காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். பாலில் பிரைமோர் இட்டால்தான் தயிர் உறைகிறது. குழந்தையின் அனுபவமும், நம் பேச்சு அதில் கலந்தால்தான் நினைவாக உறைகிறது போலும்.

நாங்கள் திரும்பி வந்தபின் வீட்டில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறோம். மாமனாரோடு பேசும்போது, “நலமா? சாப்பிட்டீர்களா?” என்பதோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் தம் இளமையைப் பற்றி ஏதேனும் ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் அதை மறுநாள் எங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் தோன்றுபவர் இப்போது அவளுக்கு உள்ளங்கை அளவினர் அல்லர். அவருடைய முழங்காலின் உயரமும், கைத்தடியின் வழவழப்பும், பழம் உடைக்கும் விரல்களும் அவளுக்குத் தெரியும். நேரில் பழகியதால்தான் தொலைவிலிருந்து வரும் குரலுக்கும் உயிர் வந்திருக்கிறது.

இளைஞர்களே, உங்களுள் பலருடைய பாட்டனும் பாட்டியும் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அடுத்த தெருவிலோ, ஓர் இரவுப் பயணத்திலோ இருக்கலாம். கடவுச்சீட்டு வேண்டாம், கடிகாரத்தை மாற்றி வைக்கவும் வேண்டாம். ஆனால் ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே ஒருவரை ஒருவர் அறியாமல் வாழ்வதும் உலகில் உண்டு. உங்கள் பாட்டியின் தாய் பிறந்த ஊர் எது? உங்கள் பாட்டன் முதன்முதலில் வாங்கிய சம்பளம் எவ்வளவு? அவர் எந்த ஊரை விட்டு, எதற்காக வந்தார்? இவற்றுக்கு விடை எழுதச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் தேறுவோம்? இந்தத் தேர்வுக்கு உரிய பாடநூலை வேறு எங்கும் விலைக்கு வாங்க முடியாது. இருக்கும் ஒரே படியும் நாள்தோறும் பழையதாகிக்கொண்டிருக்கிறது.

ஒரு கடிதம் வந்து, அதன் மூலம் தமக்கு ஓர் அப்பாயி இருந்தாள் என்று அறிந்துகொண்டவர் என் மாமனார். அத்தகைய நிலை இன்று யாருக்கும் வரவேண்டுவதில்லை. வாரவிடுமுறையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள்; அவர்கள் அருகில் சென்று அமருங்கள்; ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமலிருங்கள். மற்றவற்றை அவர்கள் சொல்வார்கள்.